வலது காலில் ஈரம்

பிப்ரவரி 3

பழுதுபார்க்கும் மேசைக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் என் அக்காவுக்கு அல்ல. அவளோடு எனக்குப் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகிறது. கூடாரம், மழைக்கோட்டு, நீர்புகாத உடுப்பு எல்லாம் பழுதுபார்க்கும் பட்டறையில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து ஓட்டை கண்டுபிடிக்கிறவருக்கு எழுதுகிறேன். அந்த மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பது என் அக்காதான் என்றால், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இந்த வேலைக்கு வேறு பட்டறை எங்கேயும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அலுப்பாக இருந்ததால் ஆற்றில் மீன் பிடிக்கப் போனேன். புழுவைக் கோத்துவிட்டுக் கரையில் தூங்குகிற வகை இல்லை. இறகையும் நூலையும் கட்டி ஈ மாதிரி செய்து, தண்ணீருக்குள் இறங்கி நின்று, கயிற்றைச் சுழற்றி வீசுகிற வகை. அதற்கு மார்பு வரை வரும், பாதமும் சேர்த்தே தைத்த கால்சட்டை ஒன்று வேண்டும். கடையில் அதை வேடர்ஸ் என்கிறார்கள். அதன் மேல் பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடத்தில் மூன்று வேடர்ஸ் வாங்கிவிட்டேன். முதலாவது ரப்பர், முழங்காலில் வெடித்தது. இரண்டாவது தடித்த நுரை ரப்பர், உள்ளே ஆள் வெந்துவிடுவான். மூன்றாவது காற்று போகும், தண்ணீர் வராது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார்கள். அதைத்தான் பூட்ஸோடு அனுப்பியிருக்கிறேன். அரை மணி நேரத்தில் வலது கால் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. இடது கால் சருகு மாதிரிக் காய்ந்திருக்கிறது. வலது காலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து அடைத்துக் கொடுங்கள். மீன்பிடித் தடை முடிந்து ஏப்ரல் முதல் தேதி ஆறு திறக்கிறது. இதுவும் சரிப்படாவிட்டால் தூண்டிலை அடுப்பில் வைத்துவிடுவேன். வாரத்தில் அந்த ஒரு காலை நேரம்தான் யாரும் என் தட்டையும் மாத்திரையையும் எண்ணாத நேரம். அது போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் உள்ளது மேசையைத் தாண்டிப் போகக் கூடாது. காரணம் மேசைக்குத் தெரிந்திருக்கும். துறைமுகத்தில் நாற்பது அடி உயரத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன், சர்க்கரை ஏறியிருப்பதையும் காலில் எறும்பு ஊர்வதுபோல் இருப்பதையும் அக்காவிடம் மட்டும் சொன்னான். அக்கா அவன் மனைவியிடம் சொன்னாள். மனைவி கம்பெனி டாக்டரிடம் சொன்னாள். இப்போது அவன் தரையில் ஒரு தகரக் கூரைக்குள் உட்கார்ந்து பெட்டிகளின் நம்பரைத் தாளில் குறித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்


பிப்ரவரி 10

வாடிக்கையாளருக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. உங்கள் அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த அம்மாளை எனக்குக் கொஞ்சம் தெரியும். மூட்டுவலி தவிர நன்றாக இருக்கிறார். தம்பியிடமிருந்து கடிதம் வந்ததா என்று தபால்காரரைக் கேட்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. தபால்காரர்தான் தானாகவே "இன்னிக்கும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

வேடர்ஸைக் கம்பியில் தொங்கவிட்டு இரண்டு கால்களிலும் தொடை வரை தண்ணீர் ஊற்றினேன். கீழே காலுக்கொரு பழைய செய்தித்தாள். வலது காலுக்கு அடியில் இருந்த தாள் இரண்டு மணி நேரம் கழித்தும் மொரமொரவென்று இருந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. காயவைத்து, உள்பக்கத்தை வெளியே புரட்டி ஸ்பிரிட் தெளித்தேன். துளை இருந்தால் அந்த இடத்தில் கறுப்பாகப் பொட்டு விழும். வலது காலில் மேலிருந்து கீழ் வரை ஒரு பொட்டுகூட இல்லை.

இடது காலுக்கு அடியில் இருந்த தாள் கால் மணி நேரத்தில் ஊறிப்போயிற்று. பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே சதை திரண்டிருக்குமே, அங்கே ஒரு துளை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. இடது பூட்ஸுக்குள் கைவிட்டுத் துழாவினேன். அதே இடத்தில், உள்தோலில் ஆணி அடித்தாற்போல் ஒரு கல் குத்திக்கொண்டு நின்றது. உறையில் வைத்திருக்கிறேன், பாருங்கள். பட்டாணியில் பாதி இருக்கும், ஒரு முனை கூர்மை. நீங்கள் பூட்ஸ் போடும்போது விழுந்திருக்கும். இதை மிதித்துக்கொண்டு ஒருவர் எத்தனை நாள் நின்றார், எப்படி நின்றார் என்று எனக்குப் புரியவில்லை. நானாக இருந்தால் இரண்டாவது அடியிலேயே பூட்ஸைக் கழற்றி எறிந்திருப்பேன்.

ஆகவே சில விவரம் வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆறு எவ்வளவு தூரம், வேடர்ஸை எங்கே மாட்டுகிறீர்கள், உள்ளே என்ன சாக்ஸ்? எல்லாவற்றையும்விட, இடது கால் நனைந்ததே இல்லையா?

மூன்று வாங்கி ஏமாந்ததைப் பற்றி. கடைக்காரர் ஏமாற்றவில்லை, நீங்கள் மேல்பக்கத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை கடையிலேயே உள்ளே வெளியே புரட்டிவிடுங்கள். தையல் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். தொடைக்கு நடுவில் உரசுகிற இடத்தில் ஓடினால் வேண்டாம். தையல் மேல் ஒட்டியிருக்கும் நாடாவை நகத்தால் நெருடிப் பாருங்கள், ஓரம் எழும்பினால் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே துணி அதிக அடுக்காக இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டு குந்தி உட்காருங்கள், எங்கேயாவது இழுத்தால் அங்கேதான் கிழியும். வெட்கப்பட வேண்டாம், கடையில் நாற்காலிக்குப் பின்னால் குந்துங்கள்.

பழுதுமேசை


பிப்ரவரி 16

பழுதுமேசைக்கு,

கல்லைப் பார்த்தேன். அது என் கல் அல்ல. தபாலில் யாராவது போட்டிருப்பார்கள்.

நீங்கள் தவறான காலைப் பார்த்திருக்கிறீர்கள். வேடர்ஸைப் புரட்டியதில் வலது இடதாகிவிட்டது என்று நினைக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன். நனைவது வலது கால். குளிர்ந்துபோய் விரலெல்லாம் சுருங்குகிறது. இடது காலில் ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை. ஆற்றில் என் நம்பிக்கையே அந்தக் கால்தான். வலது கால் கூழாங்கல்லுக்கெல்லாம் பயந்து நெளியும். இடது காலை ஊன்றினால் மரம் மாதிரி நிற்கும்.

கேட்டதற்குப் பதில். நிறுத்தத்திலிருந்து ஆறு இரண்டு கிலோமீட்டர். வேடர்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆற்றங்கரையில் பேன்ட்டைக் கழற்றிவிட்டு நிற்க எனக்குக் கூச்சம். பேருந்தில் எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்கட்டும். சாக்ஸ் பருத்திதான். ஆற்றிலேயே அலசிப் பிழிந்து கொண்டுவந்துவிடுவேன். வீட்டில் தெரிந்தால் எதற்கு நனைந்தது என்று விசாரணை வரும். கொஞ்சம் பழுப்புக் கறை இருக்கும், ஆற்றுச் சேறு.

ஓட்டையை விடுங்கள், ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன வாரம் வேலைக்குக் கிளம்பி நிறுத்தத்துக்கு வந்தேன். கண்டக்டர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இன்னொரு செருப்பு எங்கே?" என்றார். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. தெருமுனைப் பள்ளத்தில் கழன்று கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலோடு வந்திருக்கிறேன். அப்படி ஒரு யோசனை எனக்கு. சரியான ஈ எதுவென்று யோசித்துக்கொண்டே வந்தேன். பழுப்பு இறகா, சாம்பல் இறகா?

சாம்பல்தான். அதில்தான் மீன் ஒரு முறை வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

வாடிக்கையாளர்


பிப்ரவரி 21

வாடிக்கையாளருக்கு,

நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சரி, வாதம் வேண்டாம், சோதனை செய்துவிடுவோம்.

வேடர்ஸை அடைக்காமல் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். இதை ஆற்றுக்கு எடுத்துப் போகக் கூடாது. கூடவே ஒரு ஜோடி வெள்ளைச் சாக்ஸ் இருக்கிறது. அதில் கோடு கோடாகப் போட்டிருப்பது நாங்கள் துளைக்கு அடையாளம் வைக்கும் பென்சில். காய்ந்திருக்கும்வரை சாம்பலாகத் தெரியும். ஈரம் பட்டால் ஊதாவாகிவிடும். பென்சிலுக்கு வலது இடது குழப்பம் கிடையாது, யாருக்கும் பரிந்துகொண்டும் பேசாது.

வீட்டுத் தொட்டியில் சுத்தமான குழாய்த் தண்ணீரை முழங்கால் அளவு விடுங்கள். சாக்ஸும் வேடர்ஸும் போட்டுக்கொண்டு, பூட்ஸ் இல்லாமல், பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வியர்வைக்கு நேரம் இருக்காது. ஏன் வியர்வை என்கிறேன் என்றால், இரண்டு கிலோமீட்டர் நடையில் அந்தக் கால்சட்டைக்குள் ஒரு குடம் வியர்வை ஊறும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் அது உள்ளேயே தண்ணீராகப் படியும். உங்கள் வலது கால் ஈரம் அதுதான் என்பது என் எண்ணம். ஆனால் வியர்வை இரண்டு காலுக்கும்தானே வரும்? ஒரு காலுக்கு மட்டும் தெரிகிறது, இன்னொரு காலுக்குத் தெரியவில்லை. அது ஏன்?

உங்கள் கால் என்ன சொன்னது என்று எனக்கு எழுத வேண்டாம். சாக்ஸின் நிறத்தை மட்டும் எழுதுங்கள்.

முடித்ததும் இரண்டு காலையும் துடைத்துவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து இடது அடிப்பாதத்தைப் பாருங்கள். தள்ளிப்போடாமல், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே.

கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டாம். அது மேசை எழுதியது இல்லை.

பழுதுமேசை


பிப்ரவரி 26

அக்கா,

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டேன். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதி அடித்திருக்கிறாய்.

மனைவி டிக்கெட் கவுன்ட்டர் வேலைக்குக் கிளம்பியதும் தொட்டியில் தண்ணீர் விட்டேன். பத்து நிமிடம் நின்றேன். வலது காலில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நிச்சயமாகத் தோன்றியது. இப்போது அக்காவின் மூக்கை உடைக்கலாம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. கழற்றினேன். வலது சாக்ஸ் வெள்ளை, அதில் சாம்பல் கோடு அப்படியே இருந்தது. இடது சாக்ஸ் கணுக்கால் வரை ஊதா. பிழிந்தால் சொட்டுகிறது. எனக்கு எதுவுமே தெரியவில்லை, அக்கா. யாரோ ஒருவருடைய கால் நனைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, நீ சொன்ன அதே இடத்தில் புண். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஓரமெல்லாம் வெளுத்து ஊறியிருக்கிறது. எப்போது வந்தது என்று தெரியாது. சாக்ஸில் இருந்தது சேறு இல்லை. கல் என்னுடையதுதான்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். எறும்பு ஊர்கிறது என்று உன்னிடம் சொன்னேனே, அந்த எறும்பு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். கிரேனிலிருந்து இறக்கிய சமயம்தான். நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். குணமானவனை இறக்கிவிட்டார்களே என்றுதான் உன்மேல் அவ்வளவு கோபம். கிரேனில் சுழற்சியை நிறுத்துகிற பிரேக் எந்தக் காலில் இருக்கும் தெரியுமா? இடது காலில். கீழே பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள்.

கையோடு வேடர்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீயே வைத்துக்கொள்.

ஆனால் அவளிடம் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன். அவளுக்குத் தெரிந்தால் ஆறு முடிந்தது. களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆறிவிடும்.

தம்பி


மார்ச் 1

டேய் கொக்கு,

மூன்று வருடம் கழித்து உன்னை இப்படிக் கூப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர், ஆற்றில் ஒற்றைக்காலில் நம்பிக்கை வைத்து நின்று அதை நிரூபித்துவிட்டாய்.

களிம்பைத் தூக்கிப் போடு. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் போ. வலிக்காத புண்தான் மோசமான புண். வலித்தால் நீயே பார்த்துக்கொள்வாய். வலிக்காததை வேறு யாராவது பார்த்தால்தான் உண்டு. எங்கள் பட்டறையில் கூடாரம் கொடுக்க வருகிற ஒருவருக்கு இப்படித்தான் ஒரு விரலில் ஆரம்பித்தது. இப்போது ஊன்றுகோலோடு வருகிறார். உன்னைப் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன், பயப்படு.

அன்றைக்கு நான் சொன்னதற்காக வருத்தப்படவில்லை. பிரேக் எந்தக் காலில் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு சுத்தமாக இல்லை. ஆனால் உன் முதுகுக்குப் பின்னால் சொன்னேன். உன்னிடம் "நான் சொல்லப்போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சொல்லியிருக்கலாம். நீ கத்துவாய் என்று பயந்தேன். அதற்காக மூன்று வருடமாக வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை உன் முகத்துக்கு நேரே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நான் அவளுக்கு எழுத மாட்டேன். நீதான் சொல்லப் போகிறாய். உன் வேடர்ஸ் இப்போது என் மேசைக்கு மேலே தொங்குகிறது. அதை நான் எந்தக் குறையும் இல்லாமல் சரிசெய்து வைப்பேன். ஆனால் அனுப்பு என்று உன் கையெழுத்தில் வந்தால் அனுப்ப மாட்டேன், அவள் கையெழுத்தில் வர வேண்டும். கடிதம் கிடைத்து மூன்று நாள் உனக்குத் தவணை. நாலாவது நாள் பஸ் ஏறி வருவேன். வந்து, உன் வீட்டுக் கூடத்தில், உன்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்வேன். மூட்டுவலியோடு ஆறு மணி நேரப் பயணம். அந்தப் பாவமும் உனக்கு வேண்டாம்.

அவள் அன்றைக்கு ஏன் கம்பெனி டாக்டரிடம் போனாள் என்று நீ எப்போதாவது கேட்டாயா? நானும் கேட்டதில்லை. கேட்டு எழுது. தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அக்கா


மார்ச் 12

அக்கா,

நீ பஸ் ஏற வேண்டியதில்லை. இரண்டாவது நாள் சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஊதாச் சாக்ஸை மேசைமேல் வைத்தேன். "இது என்ன?" என்றாள். சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "கால நீட்டுங்க" என்றாள். மடியில் எடுத்து வைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தாள். விரலால் அங்கங்கே தொட்டு, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கணுக்கால் வரை எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் "இல்ல" என்று சொல்லச் சொல்ல எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அந்தக் காலத்தில் தினமும் சாயங்காலம் என் கால்சட்டையைத் துவைக்க எடுக்கும்போது இடது பக்கம் மட்டும் முழங்காலுக்குக் கீழே கிரீஸ் கறை இருக்குமாம். இரும்பு ஏணியில் ஏறும்போது அந்தக் கால் படியைத் தட்டி உரசியிருக்கிறது. "நீங்க ஒரு நாளும் கவனிக்கலை. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். அண்ணி சொன்னதும் அந்தக் கறைக்கு அர்த்தம் புரிஞ்சுது, மறுநாளே ஓடினேன்" என்றாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

டாக்டர் எலும்பு வரை போகவில்லை என்றார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றும் சொன்னார். தினம் கட்டு மாற்ற வேண்டும், காலை ஊன்றக் கூடாது. ஏப்ரல் முதல் தேதி ஆறு திறக்கும்போது நான் நாற்காலியில் இருப்பேன். எழுதும்போதே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கீழே அவள் ஏதோ எழுத வேண்டுமாம்.

தம்பி

அண்ணி, வேடர்ஸை இப்ப அனுப்ப வேண்டாம். கால் ஆறினதும் நானே எழுதுறேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். கட்டாயம் வேண்டாம்னு சொல்லலை. தனியாப் போகக் கூடாதாம், அரை மணிக்கு மேல கூடாதாம், போறதுக்கு முன்னாடியும் வந்தப்புறமும் பாதத்தைப் பாக்கணுமாம். அந்தப் பென்சில் எங்கே கிடைக்கும்?


ஜூன் 18

கொக்குக்கு,

அவள் கையெழுத்தில் கடிதம் வந்தது. ஒரே வரிதான். "ஆறிடுச்சு, அனுப்புங்க."

பார்சலில் வந்திருப்பது உன் பழைய வேடர்ஸ்தான். புதிது வாங்க வேண்டாம். நான்காவதாக ஒன்று வாங்கினாலும் அதே கல்லைத்தான் மிதிப்பாய். இடது பாதத்தை மட்டும் மாற்றினால் நடை கோணும் என்று இரண்டு பாதத்தையும் புதிதாக வைத்திருக்கிறேன். ஒரு அளவு பெரிது, தையல் அடியில் இல்லை, மேல்பக்கம் வருகிறது. நான்கு நாள் தண்ணீரோடு தொங்கியது. தாளை உறையில் வைத்திருக்கிறேன், தொட்டுப் பார்.

பூட்ஸைப் போடும் முன் தலைகீழாகத் தட்டு. பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவு. கண்ணை நம்பாதே, காலை நம்பவே நம்பாதே. சாக்ஸ் கம்பளி, பருத்தி இல்லை. ஆற்றங்கரையில் மாற்றிக்கொள், உன்னைப் பார்க்க அங்கே ஒரு கூட்டமும் காத்திருக்கவில்லை. வந்ததும் மடித்து வைக்காதே, தலைகீழாகத் தொங்கவிடு.

பென்சில் அவளுக்கு, ஒரு டஜன்.

போய்விட்டு வந்து எழுது. மீனைப் பற்றி இல்லை, நிறத்தைப் பற்றி.

அக்கா


ஜூலை 2

அக்கா,

வலது: வெள்ளை. இடது: வெள்ளை.

முழுசாக அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு சாக்ஸிலும் விரலிடுக்கில் துளி ஊதா இருந்தது. அவள் பயந்துவிட்டாள். இரண்டிலும் ஒரே அளவுதான் இருக்கிறது, அப்படியென்றால் வியர்வை என்று உன் பாடத்தை அவளுக்கு ஒப்பித்தேன். உன் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே துண்டைப் பிடித்து மறைப்புக் கட்ட, ஆற்றங்கரையில் உடை மாற்றினேன். ஒரு நாய் பார்த்தது.

வலது கால் இன்றைக்கும் நனைந்த மாதிரியே இருந்தது. புகார் இல்லை. அந்தக் காலுக்காவது தெரிகிறதே என்று இருந்தது.

அரை மணி நேரம் நின்றேன். சாம்பல் ஈயை ஒன்று வந்து கவ்வியது, பிறகு விட்டுவிட்டது. கரையில் உட்கார்ந்திருந்தவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று குரல் கொடுத்தாள். எண்ணுகிற ஆள் இல்லாத இடத்தைத் தேடித்தான் நான் ஆற்றுக்குப் போனேன், உனக்குத் தெரியும். அந்தக் குரல் வந்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் கவனமாக வீசினேன்.

ஏறி வந்ததும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து இடது காலை நீட்டினேன். அவள் மடியில் வாங்கி, விரல் விரலாகத் துடைத்து, அடிப்பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது, எங்கே தொடுகிறாள் என்றும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நீ அன்றைக்குப் பாதம் பார்க்கச் சொன்ன கண்ணாடியையும் பையில் எடுத்துப் போயிருந்தோம். அதை வெளியே எடுக்கவே இல்லை.

தம்பி